குபர்நெட்டிஸ் கொத்தில் பரவல் எஸ்கியூஎல் தரவுத்தளம்: யுகாபைட்டிபி நிறுவல்

பரவல் எஸ்கியூஎல் தரவுத்தளம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே தரவுத்தளமாகத் தோன்றும். உள்ளே அது பல கணினிகளில் தரவைப் பங்கிட்டு வைத்திருக்கும். வழக்கமான எஸ்கியூஎல் வினவல்களையும் பரிவர்த்தனைகளையும் அது ஏற்கும். ஒரு கணினி பழுதானாலும் மற்றவை வேலையைத் தொடரும். கூகுள் நிறுவனம் தன் ஸ்பேனர் தரவுத்தளத்தைப் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பின் இவ்வகைத் தரவுத்தளங்கள் பல தோன்றின. காக்ரோச்டிபி, டைடிபி, யுகாபைட்டிபி ஆகியவை அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

இக்கட்டுரை யுகாபைட்டிபி தரவுத்தளத்தைக் கூகுள் மேகத்தின் குபர்நெட்டிஸ் சேவையான ஜிகேஇ-யில் நிறுவும் முறையை விளக்குகிறது. யுகாபைட்டிபியை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அதன் மூலநிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைப்பதால் மாணவர்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம். இரண்டு, போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் வினவல் பகுதியையே அது எடுத்து ஆள்வதால், போஸ்ட்கிரெஸ் தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. பெயரிலுள்ள 'யுகா' நம் யுகமே. அதனுடன் பைட் சேர்ந்துள்ளது. 2016-இல் தொடங்கப்பட்ட இதன் நிறுவனர்கள் முன்னர் ஃபேஸ்புக்கில் தரவுத்தளப் பணியில் இருந்தவர்கள்.

நிறுவுவது பத்து நிமிட வேலை. இரண்டு கட்டளைகளில் முடிந்துவிடும். ஆனால் அப்படி நிறுவியது உண்மையிலேயே ஒரு பழுதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தும், ஒரு தரவு மையம் மின்சாரம் இழந்தால் தரவுத்தளமும் நின்றுபோகும் வகையில் நிறுவுவது மிக எளிது. இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

துண்டும் பிரதியும்

யுகாபைட்டிபியில் ஒவ்வோர் அட்டவணையும் டேப்லெட் எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. முதன்மைத் திறவுகோலின் மதிப்பை ஒரு ஹேஷ் சார்பில் இட்டு, வரும் எண்ணைக் கொண்டு அந்த வரிசை எந்த டேப்லெட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவாகிறது. ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு கணுக்களில் இருக்கும். இம்மூன்றில் ஒன்று தலைவர். மற்ற இரண்டும் பின்தொடர்பவை. எழுதும் கோரிக்கை தலைவரிடம் போகும். தலைவர் தன் பதிவேட்டில் எழுதி, மற்றவற்றுக்கும் அனுப்பும். மூன்றில் இரண்டு எழுதிவிட்டன என்று உறுதியானதும் 'முடிந்தது' என்ற பதில் பயனருக்குக் கிடைக்கும். இந்த உடன்பாட்டு முறைக்கு ராஃப்ட் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டியேகோ ஒங்காரோ, ஜான் ஆஸ்டர்ஹவுட் ஆகிய இருவரும் 2014-இல் இதை வெளியிட்டனர்.

இங்கு நினைவில் கொள்ள வேண்டிய சொல் பெரும்பான்மை. மூன்று பிரதிகளில் ஒன்று போனால் இரண்டு மீதம், பெரும்பான்மை உண்டு, வேலை நடக்கும். இரண்டு போனால் மீதமுள்ள ஒன்றிடம் தரவு முழுமையாக இருந்தாலும் அது தனியாக எதையும் முடிவு செய்யாது. அந்தத் துண்டின் மீதான எழுத்தும், சீரான வாசிப்பும் நின்றுவிடும். தவறான விடை தருவதைவிட விடை தராமல் இருப்பதே மேல் என்பது இவ்வகைத் தரவுத்தளங்களின் கொள்கை. வங்கிக் கணக்குக்கு இது சரியே. ஐந்து பிரதிகள் வைத்தால் இரண்டு பழுதுகளைத் தாங்கலாம்; ஆனால் வட்டுச் செலவும் எழுத்துச் செலவும் கூடும்.

கணுக்களில் இரண்டு வகைச் செயல்முறைகள் ஓடுகின்றன. ஒய்பி-மாஸ்டர் என்பது எந்த டேப்லெட் எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும். ஒய்பி-டிசர்வர் என்பது தரவைச் சுமந்து வினவல்களுக்கு விடை தரும். மாஸ்டர்களின் எண்ணிக்கை பிரதிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும். மூன்று பிரதி என்றால் மூன்று மாஸ்டர். தரவு கூடும்போது டிசர்வர்களை மட்டும் கூட்டினால் போதும். பயன்பாட்டு நிரல்கள் டிசர்வரின் 5433 என்ற துறையில் இணைகின்றன. போஸ்ட்கிரெஸின் துறை 5432 என்பதை அறிந்தவர்கள் இந்த ஓர் எண் வேறுபாட்டில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள்.

குபர்நெட்டிஸ் ஏன், எப்படி

குபர்நெட்டிஸ் என்பது கிரேக்கச் சொல். கப்பலைச் செலுத்துபவர் என்று பொருள். தமிழில் மீகாமன் என்ற பழைய சொல் இதற்கு அப்படியே பொருந்தும். கூகுள் 2014-இல் இதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. கொள்கலன்களை எந்தக் கணினியில் ஓட்டுவது, ஒன்று நின்றால் எப்போது மீண்டும் தொடங்குவது போன்றவற்றை இது பார்த்துக்கொள்கிறது. ஒன்றோ சிலவோ கொள்கலன்கள் சேர்ந்த அலகு பாட் எனப்படும். பாட்கள் ஓடும் கணினியே கணு. குபர்நெட்டிஸின் கட்டுப்பாட்டுத் தளத்தை நாமே நிறுவிப் பராமரிப்பது கடினமான வேலை. அதை மேக நிறுவனமே பார்த்துக்கொள்ளும் சேவைகள்தான் ஜிகேஇ, அமேசானின் இகேஎஸ், மைக்ரோசாஃப்டின் ஏகேஎஸ் முதலியவை.

தொடக்கத்தில் குபர்நெட்டிஸ், நிலை ஏதும் இல்லாத வலைச் சேவைகளை மனத்தில் வைத்து உருவானது. ஒரு பாட் செத்தால் வேறு பெயரில், வேறு முகவரியில், வேறு கணுவில் இன்னொன்று பிறக்கும். தரவுத்தளத்துக்கு இது ஆகாது. தரவுத்தளப் பிரதிக்கு மாறாத பெயரும், அதற்கே உரிய வட்டும் வேண்டும். இதற்காக 2016-இல் பெட்செட் என்ற அமைப்பு வந்தது. மந்தையில் எண்ணிட்டு வளர்க்கும் ஆடுமாடுகளுக்கும் பெயரிட்டு வளர்க்கும் செல்லப் பிராணிக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டிய பெயர் அது. பின்னர் அது ஸ்டேட்ஃபுல்செட் எனப் பெயர் மாறி, 2017 இறுதியில் வந்த 1.9 பதிப்பில் நிலைபெற்றது.

ஸ்டேட்ஃபுல்செட்டில் பாட்கள் ஒய்பி-டிசர்வர்-0, ஒய்பி-டிசர்வர்-1, ஒய்பி-டிசர்வர்-2 என எண்ணுடன் பெயர் பெறும். எண் 1 செத்துப் பிறந்தாலும் அதே பெயர். அதே வட்டு மீண்டும் அதனிடமே வந்து சேரும். ஐபி முகவரி மாறினாலும் டிஎன்எஸ் பெயர் மாறாது. ராஃப்ட் குழுவினர் ஒருவரையொருவர் அடையாளம் காண இது இன்றியமையாதது.

கொத்தை உருவாக்குதல்

ஜிகேஇ-யில் கொத்து உருவாக்கும்போது வரும் முதல் தேர்வு: மண்டலக் கொத்தா, பிராந்தியக் கொத்தா என்பது. மண்டலம் என்பது மின்சாரம், குளிரூட்டல், வலையமைப்பு ஆகியவற்றில் பிறவற்றைச் சாராத தரவு மையப் பகுதி. பிராந்தியம் என்பது அத்தகைய மண்டலங்கள் அருகருகே சேர்ந்தது. மும்பை பிராந்தியத்தில் ஏ, பி, சி என மூன்று மண்டலங்கள் உள்ளன. மண்டலக் கொத்தில் கட்டுப்பாட்டுத் தளம் ஒரே மண்டலத்தில் இருக்கும். பிராந்தியக் கொத்தில் அது மூன்று மண்டலங்களிலும் பரவியிருக்கும். மூன்று பிரதித் தரவுத்தளத்துக்குப் பிராந்தியக் கொத்தே பொருத்தம்.

இங்கே ஒரு செலவுப் பொறி இருக்கிறது. பிராந்தியக் கொத்தில் 'கணுக்களின் எண்ணிக்கை' என்று கேட்கும் இடத்தில் தருவது ஒரு மண்டலத்துக்கான எண். மூன்று என்று கொடுத்தால் மொத்தம் ஒன்பது கணுக்கள் உருவாகும். இயல்பு எண்ணும் மூன்றுதான். மூன்று கணுக்கள் மட்டும் வேண்டுமானால் ஒன்று என்று கொடுக்க வேண்டும்.

அடுத்தது கணுவின் அளவு. யுகாபைட்டிபியை நிறுவ ஹெல்ம் என்ற கருவியும் அதற்கான சார்ட் எனப்படும் வார்ப்புருவும் பயன்படுகின்றன. மீகாமனுக்குச் சுக்கான் வேண்டுமல்லவா, ஹெல்ம் என்றால் சுக்கான். இந்தச் சார்ட் தன் இயல்பு அமைப்பில் ஒவ்வொரு மாஸ்டருக்கும் 2 சிபியு, 2 ஜிபி நினைவகமும், ஒவ்வொரு டிசர்வருக்கும் 2 சிபியு, 4 ஜிபி நினைவகமும் கேட்கிறது. மூன்று மாஸ்டர், மூன்று டிசர்வர் சேர்த்தால் 12 சிபியு. 4 சிபியு உள்ள கணு மூன்று வாங்கினால் 12 வந்துவிடுகிறதே என்று தோன்றும். காகிதத்தில் சரி, நடைமுறையில் மூன்று பாட்கள் 'பெண்டிங்' என்ற நிலையிலேயே நின்றுவிடும். காரணம், ஜிகேஇ ஒவ்வொரு கணுவிலும் சிறிதளவு சிபியுவைத் தன் சொந்த வேலைக்காக ஒதுக்கிக்கொள்கிறது. 4 சிபியு கணுவில் பாட்களுக்குக் கிடைப்பது 3.92 மட்டுமே. அதிலும் கொத்தின் உள்வேலைப் பாட்கள் பங்கு கேட்கும். 2-உம் 2-உம் அதற்குள் அடங்காது. கற்றுக்கொள்ள மட்டும் நிறுவுபவர்கள் மாஸ்டரின் தேவையை அரை சிபியுவாகக் குறைத்துக்கொள்ளலாம். உண்மையான பயன்பாட்டுக்கு 8 சிபியு கணுக்களே நிம்மதி.

நினைவகத்தில் இன்னொரு நுட்பம். டிசர்வர் கொள்கலனுக்குள் போஸ்ட்கிரெஸ் செயல்முறைகளும் ஓடுகின்றன. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு செயல்முறை. கொள்கலனின் நினைவக வரம்பை மீறினால் லினக்ஸ் கருநிரல் உடனே கொன்றுவிடும். நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறக்கும் பயன்பாட்டு நிரல் இருந்தால், இணைப்புகளைச் சேமித்துப் பகிரும் ஏற்பாடு ஒன்றை நடுவில் வைக்க வேண்டும்.

வட்டும் மண்டலமும்

கூகுள் மேகத்தின் நிலை வட்டு வழக்கமாக ஒரு மண்டலத்துக்கு உரியது. ஏ மண்டலத்தில் உருவான வட்டைப் பி மண்டலத்துக் கணுவில் பொருத்த முடியாது. இதனால் எழும் சிக்கல் நேரடியானது: பாட் எங்கே ஓடப்போகிறது என்று முடிவாகும் முன்பே வட்டு உருவாகிவிட்டால், வட்டு ஒரு மண்டலத்திலும் இடம் உள்ள கணு வேறு மண்டலத்திலும் அமைந்து பாட் தொடங்காமல் போகலாம். குபர்நெட்டிஸில் வட்டின் வகையைச் சொல்லும் ஸ்டோரேஜ் கிளாஸ் அமைப்பில், 'முதல் பயனருக்காகக் காத்திரு' என்ற பொருளுடைய பிணைப்பு முறை இருக்கிறது. பாட் எந்தக் கணுவுக்கு என்று முடிவான பிறகே அதே மண்டலத்தில் வட்டு உருவாகும். ஜிகேஇ தரும் 'ஸ்டாண்டர்ட்-ஆர்டபிள்யூஓ', 'பிரீமியம்-ஆர்டபிள்யூஓ' ஆகிய வகைகள் இம்முறையில் இயங்குகின்றன. பழைய 'ஸ்டாண்டர்ட்' வகை அப்படியன்று. தரவுத்தளத்துக்கு எஸ்எஸ்டி வகையான பிரீமியமே ஏற்றது. ஒவ்வோர் எழுத்தும் பதிவேட்டில் ஏறிய பிறகே பதில் போகிறது என்பதால், வட்டின் தாமதம் பயனரின் தாமதமாகவே வெளிப்படும்.

தரவுத்தளத்துக்கு மண்டலம் தெரியுமா?

இதுதான் பலர் கவனிக்காமல் விடும் இடம். கணுக்கள் மூன்று மண்டலங்களில் பரவியிருப்பது குபர்நெட்டிஸுக்குத் தெரியும். யுகாபைட்டிபிக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் எல்லா டிசர்வர்களும் ஒரே கற்பனை மேகத்தில், ஒரே கற்பனைத் தரவு மையத்தில், ஒரே அடுக்கில் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும்.

மூன்று மண்டலத்தில் மூன்று டிசர்வர் மட்டும் இருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. மூன்று பிரதிகளும் மூன்று டிசர்வர்களில்தான் இருந்தாக வேண்டும். எனவே மண்டலத்துக்கு ஒன்றாகத் தானாகவே அமைந்துவிடும். சோதித்துப் பார்த்தாலும் தேர்ச்சி பெறும். பயனர்கள் பெருகி, டிசர்வர்களை ஆறாக்கும் நாளில்தான் நிலைமை மாறுகிறது.

மண்டலத்துக்கு இரண்டாக ஆறு டிசர்வர்கள் என்று கொள்வோம். ஆறிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழிகள் உள்ளன. மண்டலத்துக்கு ஒன்றாக அமையும் வழிகள் 2×2×2, அதாவது 8. மீதி 12 வழிகளில் ஏதோ ஒரு மண்டலத்தில் இரண்டு பிரதிகள் சேர்ந்துவிடும். பிரதிகள் மண்டலத்தைப் பாராமல் வைக்கப்பட்டால், சராசரியாக நூற்றுக்கு அறுபது டேப்லெட்டுகள் இப்படி இருக்கும். குறிப்பிட்ட ஒரு மண்டலம், ஏ என்று வைத்துக்கொள்வோம், முழுவதும் விழுந்தால், ஏ-யின் இரண்டு டிசர்வர்களிலும் பிரதி உள்ள டேப்லெட்டுகள் பெரும்பான்மையை இழக்கும். அத்தகைய வழிகள் 4. இருபதில் நான்கு, அதாவது ஐந்தில் ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு தரவு மட்டும் நின்றுபோவது முழுவதும் நிற்பதைவிடக் குழப்பமானது. சில வாடிக்கையாளருக்கு எல்லாம் நன்றாக ஓடும். சிலருக்குத் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். பல அட்டவணைகளைத் தொடும் பரிவர்த்தனை எதிலாவது அந்த ஐந்தில் ஒரு பங்கு அகப்பட்டால் அதுவும் நிற்கும். எனவே உண்மையான பாதிப்பு இருபது விழுக்காட்டைத் தாண்டும்.

தீர்வு என்னவெனில், ஹெல்ம் நிறுவலை ஒன்றாகச் செய்யாமல் மண்டலத்துக்கு ஒன்றாக மூன்று முறை செய்வது. ஒவ்வொன்றும் தனி நேம்ஸ்பேஸில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மாஸ்டர். தேவையான எண்ணிக்கையில் டிசர்வர்கள். அந்தந்த மண்டலத்துக்கே உரிய ஸ்டோரேஜ் கிளாஸ், மேகம்-பிராந்தியம்-மண்டலம் என்ற மூன்று இடக்குறிப்புகள், மூன்று மாஸ்டர்களின் முழு டிஎன்எஸ் பெயர்கள் ஆகியவை ஒவ்வொரு நிறுவலின் அமைப்புக் கோப்பிலும் இருக்க வேண்டும். முதல் நிறுவலின் மாஸ்டர் மற்ற இரண்டும் வரும்வரை காத்திருக்கும், அது பழுதன்று. மூன்றும் வந்த பிறகு, ஒய்பி-அட்மின் என்ற கருவியைக் கொண்டு 'மூன்று பிரதிகள், இம்மூன்று மண்டலங்களில்' என்று கொத்துக்கு ஒருமுறை அறிவிக்க வேண்டும். அதன் பிறகே தரவுத்தளம் மண்டலம் அறிந்து பிரதிகளை வைக்கும். மாஸ்டரின் 7000 துறையில் உள்ள வலைப்பக்கத்தில் ஒவ்வொரு டிசர்வரின் எதிரிலும் மண்டலப் பெயர் காட்டப்படும். அங்கே எல்லா வரியிலும் ஒரே பெயர் இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

ஒரே மண்டலத்துக்குள்ளும் இரண்டு டிசர்வர் பாட்கள் ஒரே கணுவில் அமராதபடி பார்க்க வேண்டும். குபர்நெட்டிஸில் இதற்கான விலக்கு விதி இரண்டு வலிமைகளில் உண்டு: 'முடிந்தால் விலக்கு', 'கட்டாயம் விலக்கு'. முதலாவதை நம்பினால், இடம் இல்லாத நேரத்தில் அது அமைதியாகக் கைவிடப்படும். கட்டாயம் என்று வைத்தால் பாட் தொடங்காமல் நிற்கும். நிற்பது கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் சரிசெய்யலாம்.

திறந்து கிடக்கும் கதவு

சார்ட்டின் இயல்பு அமைப்பில் டிசர்வருக்கும் மாஸ்டரின் வலைப்பக்கத்துக்கும் லோட் பேலன்சர் வகைச் சேவை உருவாகிறது. மேகத்தில் அப்படி உருவானால் இணையத்தில் எவரும் அடையக்கூடிய பொது முகவரி கிடைத்துவிடும். கடவுச்சொல் சரிபார்ப்போ இயல்பில் அணைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால், முகவரியைக் கண்டுபிடித்த யாரும் கடவுச்சொல் இன்றி முதன்மைப் பயனராக உள்ளே வரலாம். பயிற்சிக்காகத்தானே என்று விட்டுவிடக் கூடாது. திறந்திருக்கும் தரவுத்தளத் துறைகளைத் தேடும் தானியங்கி நிரல்கள் இணையம் முழுவதும் ஓயாமல் சுற்றுகின்றன. நிறுவும்போதே லோட் பேலன்சரை அணைத்து, சேவையைக் கொத்துக்குள் மட்டும் வைத்து, கடவுச்சொற்களை அமைப்புக் கோப்பில் தந்து, டிஎல்எஸ் மறையாக்கத்தையும் இயக்கிவிட வேண்டும். நிர்வாகப் பக்கத்தைப் பார்க்கக் குபர்நெட்டிஸின் துறை திருப்பல் வசதி போதும்.

ஒன்று விழும்போது

டிசர்வர் ஒன்று திடீரென நின்றால் என்ன நடக்கிறது என்பதைக் கால வரிசையில் பார்ப்பது பயன் தரும். தலைவர் அரை நொடிக்கு ஒருமுறை இதயத்துடிப்புச் செய்தி அனுப்புவார். ஆறு துடிப்புகள் தொடர்ந்து வராவிட்டால், அதாவது சுமார் மூன்று நொடிகளில், எஞ்சியவை புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும். பயனர் உணர்வது இந்தச் சில நொடி தடுமாற்றத்தைத்தான். பழுதான பிரதி 15 நிமிடங்கள் திரும்பாவிட்டால், அது போய்விட்டது என்று முடிவு செய்து, வேறு இடமிருந்தால் புதிய பிரதி ஒன்றை உருவாக்கத் தொடங்கும்.

குபர்நெட்டிஸின் கடிகாரம் வேறு. பாட் மட்டும் செத்தால் நொடிகளில் அதே இடத்தில் மீண்டும் எழுப்பப்படும். கணுவே பதிலளிக்காமல் போனால், இயல்பாக ஐந்து நிமிடம் பொறுத்த பிறகே பாட்களை வெளியேற்ற முனையும். ஸ்டேட்ஃபுல்செட்டாக இருந்தால் அப்போதும் உடனே வேறிடத்தில் எழுப்பாது. பழைய பாட் உண்மையிலேயே நின்றுவிட்டதா, அல்லது வலையமைப்பு மட்டும் அறுந்து அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒரே பெயரில் இருவர் ஓடுவது தரவுக்கு ஆபத்து. பத்து நிமிட அளவில் ஜிகேஇ-யின் தானியங்கிப் பழுதுநீக்கம் அந்தக் கணுவை மாற்றிய பின்பே பாட் திரும்பும். இந்தத் தாமதத்தைக் கண்டு பதறி, பாட் ஒன்றை வலிந்து நீக்கும் கட்டளையைத் தட்டுவோர் உண்டு. இரண்டு பிரதிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட ஒன்றும் இல்லை.

பழுதைவிட அடிக்கடி நடப்பது பராமரிப்பு. ஜிகேஇ கணுக்களைத் தானாகவே புதிய பதிப்புக்கு மாற்றும். அப்போது ஒரே நேரத்தில் எத்தனை பாட்கள் கீழே இருக்கலாம் என்பதைப் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் என்ற விதி வரையறுக்கிறது. ஒன்று என்று வைத்தால், முதல் பாட் திரும்பித் தயாராகும்வரை இரண்டாவதைத் தொடாது. ஆனால் ஜிகேஇ இந்த விதியை ஒரு மணி நேரம்வரைதான் மதிக்கும். அதன் பிறகு பொறுமை இழந்து தொடரும். மேலும் இவ்விதி ஒரு நேம்ஸ்பேஸுக்குள் மட்டுமே செல்லும். மூன்று நேம்ஸ்பேஸில் நிறுவியிருந்தால் மூன்று தனி விதிகள், ஒன்றுக்கொன்று தெரியாது. ஜிகேஇ மண்டலம் மண்டலமாகவே மேம்படுத்துவதால் தானியங்கி மேம்பாட்டில் இது இடராவதில்லை. நாமே கையால் பல கணுக்களைக் காலி செய்யும்போது கவனம் வேண்டும். பராமரிப்புக்கான நேரத்தைப் பயனர் குறைவாக உள்ள பொழுதுக்குக் குறித்து வைப்பதும் நல்லது.

இவற்றையெல்லாம் படித்து அறிவதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது மேல். நூறு கணக்குகள், ஒவ்வொன்றிலும் 1,000 ரூபாய் என ஓர் அட்டவணை உருவாக்குங்கள். மொத்தம் 1,00,000. ஏதாவது இரு கணக்குகளுக்கிடையே இடைவிடாமல் பணம் மாற்றும் சிறு நிரல் ஒன்றை ஓடவிடுங்கள். ஓடும்போதே டிசர்வர் பாட் ஒன்றை நீக்குங்கள். அடுத்து ஒரு மண்டலத்தின் கணுக்கள் அனைத்தையும் நிறுத்துங்கள். மொத்தம் எப்போதும் 1,00,000 ஆகவே இருக்க வேண்டும். இருக்கும்.

ஆனால் உங்கள் நிரல் பிழை எறிந்து நின்றிருக்கலாம். 40001 என்ற பிழை எண் வந்தால் பரிவர்த்தனையை மீண்டும் முயல வேண்டும் என்று பொருள். அதற்கான சுழற்சி நிரலில் இருக்க வேண்டும். இதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு: 'முடி' என்ற கட்டளையை அனுப்பிய பிறகு, பதில் வரும் முன் இணைப்பு அறுந்தால், பணம் மாறியதா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் அனுப்பினால் இருமுறை மாறிவிடும். மொத்தம் அப்போதும் 1,00,000 தான் காட்டும். ஆனால் ஒருவர் 500-க்குப் பதில் 1,000 இழந்திருப்பார். ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதைத் தனித்த திறவுகோலாக அட்டவணையில் பதிவதே இதற்கு வழி. இரண்டாம் முயற்சி அந்த எண்ணில் மோதி நிற்கும். தரவுத்தளம் எவ்வளவு வலியதானாலும் இந்தப் பகுதி நிரல் எழுதுபவரின் பொறுப்புதான்.

தொலைவும் கடிகாரமும்

மண்டலங்கள் அருகருகே இருப்பதால் பிரதிகளுக்கிடையே செய்தி போய்வரும் நேரம் சிறிது. வெவ்வேறு பிராந்தியங்களில் பிரதிகளை வைத்தால் கதை வேறு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும். 1,000 கி.மீ. தொலைவு என்றால் போய்வரக் குறைந்தது 10 மில்லிநொடி. எந்த மென்பொருளாலும் இதைக் குறைக்க முடியாது. ஒவ்வோர் எழுத்தும் அந்த நேரத்தைச் செலுத்தியே ஆக வேண்டும். கணுக்களின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். யுகாபைட்டிபி இயல்பாக 500 மில்லிநொடி வரையிலான வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கல்லூரித் திட்டங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இது தேவையில்லை. ஒரு போஸ்ட்கிரெஸ் கணினியும், அதற்கு ஒரு காத்திருப்புப் பிரதியும், ஒழுங்கான காப்பு நகலும் நெடுங்காலம் தாங்கும். வேகமும் பல வேளைகளில் அதில் கூடுதலாகவே இருக்கும், ஏனெனில் எழுத்து எதுவும் வலையமைப்பைக் கடக்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் அடங்காத எழுத்துப் பளு, அல்லது சில நொடிக்கு மேல் நிற்கவே கூடாத சேவை ஆகிய இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் இந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

காப்பு நகல்

மூன்று பிரதிகள் இருப்பதால் காப்பு நகல் வேண்டாம் என்பது அடிக்கடி காணும் தவறான எண்ணம். அட்டவணையை நீக்கும் கட்டளையைத் தவறுதலாகத் தட்டினால் அது மூன்று பிரதிகளிலும் ஒழுங்காக, பெரும்பான்மை உறுதியுடன் நிறைவேறும். யுகாபைட்டிபியில் குறிப்பிட்ட இடைவெளியில் தானாக நிழற்படம் எடுத்து, கடந்த ஒரு நேரப் புள்ளிக்குத் திரும்பும் வசதி உண்டு. அதை இயக்குவதுடன், கொத்துக்கு வெளியே உள்ள சேமிப்பகத்துக்கும் நகலை அனுப்ப வேண்டும். கூகுள் மேகத்தின் வட்டு நிழற்படங்களை மட்டும் நம்பக் கூடாது. மூன்று வட்டுகளை மூன்று வெவ்வேறு கணங்களில் எடுத்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தா.

சுருக்குதலும் அகற்றுதலும்

டிசர்வர்களைக் கூட்டுவது எளிது: எண்ணை மாற்றினால் போதும், டேப்லெட்டுகள் தாமாக நகர்ந்து சமன் செய்துகொள்ளும். குறைப்பது அப்படியன்று. ஸ்டேட்ஃபுல்செட்டின் எண்ணைக் குறைத்தால் பெரிய எண் கொண்ட பாட்கள் நீக்கப்படும். அவற்றில் தரவு இருக்கிறதா என்று குபர்நெட்டிஸ் கேட்காது. முதலில் அந்த டிசர்வர்களை ஒய்பி-அட்மின் மூலம் விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவற்றிலுள்ள டேப்லெட்டுகள் முழுவதும் வேறிடம் போன பிறகே எண்ணைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே குறைத்துவிட்டாலும் உடனே எண்ணைப் பழையபடி ஏற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பாட்கள் போனாலும் அவற்றின் வட்டுகள் இருக்கும். அதே பெயரில் பிறக்கும் பாட் அதே வட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இதே இயல்புதான் பயிற்சி முடித்துக் கலைப்பவர்களுக்குச் செலவு வைக்கிறது. ஹெல்ம் நிறுவலை நீக்கினால் பாட்களும் சேவைகளும் போகும். வட்டுக்கான கோரிக்கைகள் போகா. அவற்றை விட்டுவிட்டுக் கொத்தையே அழித்தால் வட்டுகள் உரிமையாளர் இன்றிக் கணக்கில் தங்கி, மாதாமாதம் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். எனவே முதலில் ஹெல்ம் நிறுவல்கள், அடுத்து ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் உள்ள வட்டுக் கோரிக்கைகள், பிறகு கொத்து என்ற வரிசையில் நீக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் மேகக் கணக்கின் வட்டுப் பட்டியலையும் லோட் பேலன்சர் பட்டியலையும் ஒருமுறை திறந்து, இரண்டும் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.